ஸலாஹ்வின் ஒப்பந்தமும் நமது கடைச் சிப்பந்தியும்

2025ஆம் ஆண்டு ரமழானில் ஒரு நாள். தராவீஹ் தொழுகை முடிந்து பள்ளிவாசலுக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் ஐந்தாறு வாலிபர்கள் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ காணிப் பிரச்சினை அல்லது கல்யாணப் பிரச்சினை என்றுதான் முதலில் நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டபோதுதான் விளங்கியது, எகிப்திய உதைபந்தாட்ட வீரர் முஹம்மத் ஸலாஹ் லிவர்பூல் கழகத்துடன் மீண்டும் ஒப்பந்தம் செய்வாரா, விட்டுப் போவாரா என்பதுதான் விவாதம்.

எனக்கு உதைபந்தாட்டம் பெரிதாகத் தெரியாது. பாடசாலைக் காலத்தில் வெறுங்காலுடன் விளையாடியதோடு சரி. ஆனால் அன்று அவர்கள் கதைத்தது பந்தைப் பற்றியல்ல. எத்தனை வருடம், எவ்வளவு சம்பளம், யார் முதலில் இறங்கி வருவது என்ற கதை. அது வியாபாரம். வியாபாரக் கதை என்றால் என் காது தானாகவே நீளும்.

என்னைக் கண்ட ஒரு தம்பி கேட்டார்: "முதலாளி, உங்கட கடையில நல்ல ஆள் ஒருத்தன் போகப் போறன் எண்டு சொன்னா நீங்க என்ன செய்வீங்க?"

சிரித்து மழுப்பிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரை வந்தது. ஏனென்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பிள்ளைகள் விவாதித்த விடயத்தைப் பார்ப்போம். நமது முதலாளிமாரும் தொழிலாளிமாரும் அறிந்துகொள்ள வேண்டிய பாடம் அதில் நிறையவே இருக்கிறது.

ஆறு மாதக் கணக்கு

ஒரு விளையாட்டு வீரர் ஒரு கழகத்தோடு மூன்று வருடத்துக்கோ ஐந்து வருடத்துக்கோ ஒப்பந்தம் செய்கிறார். அந்தக் காலத்துக்குள் வேறு கழகம் அவரைக் கேட்டால் இருக்கும் கழகத்துக்கு ஒரு மாற்றுத் தொகை கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்துவிட்டால் அவர் சுதந்திரப் பறவை. ஒரு சதமும் கொடுக்காமல் அவரை எடுத்துக்கொள்ளலாம்.

இன்று சாதாரணமாகத் தெரியும் இந்த விதி, முன்பு இருக்கவில்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோன் மார்க் பொஸ்மன் என்ற வீரரின் ஒப்பந்தம் 1990ஆம் ஆண்டு முடிந்தது. அவரது லியேஜ் கழகம் பழைய சம்பளத்தின் நான்கில் ஒரு பங்குக்குப் புதிய ஒப்பந்தம் தருவதாகச் சொன்னது. அவர் பிரான்ஸின் டன்கேர்க் கழகத்துக்குப் போக விரும்பினார். ஒப்பந்தம் முடிந்த பிறகும் லியேஜ் மாற்றுத் தொகை கேட்டு அவரைப் போகவிடவில்லை. அவர் வழக்குப் போட்டார். 1995 டிசம்பர் 15ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பு வழங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு மாற்றுத் தொகை கேட்க முடியாது என்றாகியது.

அந்தத் தீர்ப்பால் அவருக்குப் பின் வந்த வீரர்கள் கோடீஸ்வரர்களானார்கள். பொஸ்மனோ விளையாட்டு வாழ்க்கையை இழந்து, பிற்காலத்தில் வறுமையிலும் கஷ்டத்திலும் விழுந்தார். வழி வெட்டியவன் ஒருவன், நடந்து போனவர்கள் வேறு ஆட்கள்.

இப்போது சர்வதேச விதி என்னவென்றால், ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே ஒரு வீரர் வேறு கழகத்துடன் பேசி முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஜூன் 30ஆம் திகதி ஒப்பந்தம் முடியும் இங்கிலாந்து வீரர் ஒருவர், ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து வெளிநாட்டுக் கழகங்களுடன் தாராளமாகக் கதைக்கலாம். அதனால்தான் நட்சத்திர வீரர்கள் ஒப்பந்தம் முடியும்வரை காத்திருப்பதில்லை. கழகமும் காத்திருக்கக் கூடாது. இரண்டு வருடம் இருக்கும்போதே பேச்சுவார்த்தை ஆரம்பிக்க வேண்டும். ஒரு வருடத்துக்குக் குறைந்துவிட்டால் தராசு வீரரின் பக்கம் சாய்ந்துவிடும்.

கழகத்தின் பேரேடு

இதைப் புடவைக் கடைக் கணக்கில் சொன்னால் நமக்கு இலகுவாக விளங்கும். ஒரு கழகம் 40 மில்லியன் பவுண் கொடுத்து ஒரு வீரரை வாங்கி, ஐந்து வருட ஒப்பந்தம் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்காளர் அந்த 40 மில்லியனை ஐந்தால் பிரித்து வருடத்துக்கு 8 மில்லியன் வீதம் செலவாக எழுதுவார். நான்கு வருடம் போனால் புத்தகத்தில் அவரது பெறுமதி 8 மில்லியன். ஐந்தாம் வருடம் முடிந்தால் பூச்சியம். ஆள் அதே ஆள்தான். கால் அதே கால்தான். ஆனால் கழகத்தின் கையில் விற்க எதுவும் இல்லை.

புறக்கோட்டையில் குத்தகைக் கடையை மற்றொருவருக்குக் கைமாற்றுகிறவர்களுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. பத்து வருடக் குத்தகை மீதியிருக்கும் கடைக்கு ஒரு விலை. பத்து மாதம் மீதியிருக்கும் கடைக்கு யார் விலை கேட்பார்?

இதே லிவர்பூல் கழகம் செனகல் வீரர் ஸாதியோ மானேயை 2016இல் சுமார் 34 மில்லியன் பவுண் வரையான விலைக்கு வாங்கியது. ஆறு வருடம் விளையாட வைத்து, ஐரோப்பியக் கிண்ணமும் பிரிமியர் லீக் கிண்ணமும் வென்றது. 2022இல் அவரது ஒப்பந்தத்தில் ஒரு வருடம் மட்டும் மீதியிருந்தபோது ஜேர்மனியின் பயர்ன் மியூனிக் கழகத்துக்கு விற்றது. எல்லா நிபந்தனைகளும் நிறைவேறினால் 35 மில்லியன் வரை என்பது விலை. ஆறு வருடம் பாவித்த சாமானை வாங்கிய விலைக்கே கொடுப்பது எந்த வியாபாரிக்குக் கிடைக்கும்? இன்னுமொரு வருடம் தாமதித்திருந்தால் வெறுங்கையுடன் அனுப்பியிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைச் சில கழகங்கள் எதிர்ப்பக்கமாகவும் பாவித்தன. செல்சி கழகம் 2023 ஜனவரியில் உக்ரைன் வீரர் முட்ரிக்குக்கு எட்டரை வருட ஒப்பந்தம் கொடுத்தது. வருடம் கூடினால் வருடாந்தச் செலவு குறைவாகத் தெரியும் அல்லவா? அதன் பிறகு ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கம், எத்தனை வருட ஒப்பந்தமாக இருந்தாலும் ஐந்து வருடத்துக்கு மேல் செலவைப் பிரித்து எழுத முடியாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது.

ஸலாஹ் செய்தது என்ன?

நைல் நதிப் படுகையிலுள்ள நக்ரிக் என்ற சிறிய கிராமத்துப் பிள்ளை ஸலாஹ். அவர் முதலில் விளையாடிய கழகத்தின் பெயர் அல் முகாவிலூன். கட்டடக் கொந்தராத்துக்காரர்கள் என்று பொருள். ஒரு நிர்மாணக் கம்பனியின் கழகம் அது. கொந்தராத்துக்காரர்களிடம் வளர்ந்தவருக்கு ஒப்பந்தம் பற்றிச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும் என்று நான் பிள்ளைகளிடம் பகிடியாகச் சொல்வதுண்டு.

2017இல் இத்தாலியின் ரோமா கழகத்திலிருந்து லிவர்பூலுக்கு வந்தார். முதல் பருவத்திலேயே பிரிமியர் லீக்கில் 32 கோல்கள். அடுத்த வருடமே, 2018 ஜூலையில், கழகம் அவருக்குப் புதிய ஐந்து வருட ஒப்பந்தம் கொடுத்தது. நான்கு வருடம் மீதியிருக்கும்போதே கொடுத்ததைக் கவனியுங்கள். அது முதலாளியின் கெட்டித்தனம்.

இரண்டாவது முறை அப்படி நடக்கவில்லை. 2023இல் முடிய வேண்டிய ஒப்பந்தம் 2022 வரை இழுபட்டது. அவரது முகவர் ரமி அப்பாஸ் ஒரு சட்டத்தரணி. பேச்சுவார்த்தை நீண்டு, 2022 ஜூலை 1ஆம் திகதிதான் கையொப்பமானது. வாரத்துக்கு 350,000 பவுணுக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. வருடக் கணக்கில் பார்த்தால் 18 மில்லியன் பவுணுக்கு மேல். அமெரிக்காவின் ஹார்வர்ட் வணிகக் கல்லூரியில் இந்தப் பேச்சுவார்த்தை ஒரு பாடமாகவே எழுதப்பட்டிருக்கிறது.

2023 கோடையில் ஸஊதியின் அல் இத்திஹாத் கழகம் 150 மில்லியன் பவுண் வரை தருவதாகக் கேட்டது. லிவர்பூல் மறுத்துவிட்டது. அந்த ஒப்பந்தமும் 2025 ஜூனில் முடிய இருந்தது. 2024 செப்டெம்பர் 1ஆம் திகதி மன்செஸ்டர் யுனைடெட் அணியை 3-0 என்று தோற்கடித்த பிறகு, இது தனது கடைசிப் பருவம், கழகத்தில் யாரும் தன்னுடன் பேசவில்லை என்று ஸலாஹ் வெளிப்படையாகச் சொன்னார். நவம்பர் 24ஆம் திகதி சௌதாம்ப்டன் அணிக்கு இரண்டு கோல் அடித்த கையோடு, இன்னும் ஒரு ஒப்பந்தமும் முன்வைக்கப்படவில்லை, மனம் நொந்திருக்கிறேன், இருப்பதைவிடப் போவதற்கே வாய்ப்பு அதிகம் என்றார்.

இங்கே நமது தொழிலாளர்கள் பார்க்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. பேச்சுவார்த்தை நடந்த அந்தப் பருவத்தில் ஸலாஹ் கோபித்துக்கொண்டு காலை இழுத்து விளையாடவில்லை. 29 கோல்கள் அடித்தார். 18 கோல்களுக்கு வழி செய்தார். கிண்ணமும் லிவர்பூலுக்கே வந்தது. அவரது வாய் பேசியதைவிட அவரது வேலை கூடுதலாகப் பேசியது. 2025 ஏப்ரல் 11ஆம் திகதி, நமது தேநீர்க் கடை விவாதம் நடந்து சில வாரங்களில், அவர் புதிய ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். அப்போது அவருக்கு வயது 32. சில நாட்களில் அணித் தலைவர் வான் டைக்கும் ஒப்பமிட்டார்.

மூன்றாவது ஆள் தங்கவில்லை. ஆறு வயதிலிருந்து அதே கழகத்தில் வளர்ந்த அலெக்ஸாண்டர் ஆர்னல்ட், 2025 மே மாதம் தாம் போவதாக அறிவித்தார். சொந்த ரசிகர்களே அவருக்குக் கூச்சலிட்டார்கள். அவரை ஜூன் 1ஆம் திகதியே எடுப்பதற்காக, அதாவது ஒப்பந்தம் முடிய ஒரே ஒரு மாதம் இருந்ததற்காக, ரியல் மெட்ரிட் சுமார் 10 மில்லியன் யூரோ கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. ஒரு மாதத்துக்கே அவ்வளவு விலை என்றால், மூன்று வருடம் மீதியிருந்தால் என்ன விலை வந்திருக்கும் என்பதை வாசகர்களே கணக்குப் பாருங்கள்.

பயந்து கொடுத்த விலை

அப்படியானால் கேட்ட உடனே கேட்டதையெல்லாம் கொடுத்துவிட வேண்டுமா? அதுவும் இல்லை. அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது.

லண்டனின் ஆர்சனல் கழகத்தில் அலெக்ஸிஸ் சஞ்சேஸ், மெஸுட் ஒஸில் என்று இரண்டு நட்சத்திரங்கள். இருவரின் ஒப்பந்தமும் 2018 ஜூனில் முடிய இருந்தது. கழகம் நாளைக் கடத்தியது. 2018 ஜனவரியில் சஞ்சேஸ் மன்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். பதிலுக்குக் காசு கிடைக்கவில்லை. மிக்கிதார்யன் என்ற வீரர் கிடைத்தார். ஒருவர் போனதும் மற்றவரும் போய்விடுவாரோ என்ற பயம் கழகத்தைப் பிடித்துக்கொண்டது. சில நாட்களிலேயே ஒஸிலுக்கு 2021 வரை ஒப்பந்தம். வாரத்துக்கு 350,000 பவுண் என்று எழுதினார்கள்.

முடிவு என்ன? 2020 மார்ச்சுக்குப் பிறகு ஒஸில் ஆர்சனலுக்காக ஒரு போட்டியும் விளையாடவில்லை. 2020 ஒக்டோபரில் வீரர்கள் பட்டியலிலிருந்தே அவரது பெயர் நீக்கப்பட்டது. சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. 2021 ஜனவரியில் துருக்கியின் பெனர்பாஹ்சே கழகத்துக்குப் போனார். அங்கே மன்செஸ்டரில் சஞ்சேஸும் பிரகாசிக்கவில்லை. 45 போட்டிகளில் 5 கோல்கள்தான். தாமதமாகப் பேசி, பயத்தில் கொடுத்த விலை யாருக்கும் பரக்கத்தாக அமையவில்லை.

துணிந்தவனும் தவறவிட்டவனும்

தொழிலாளி பக்கத்திலும் இரண்டு வகை உண்டு. அமெரிக்க பேஸ்போல் வீரர் ஹுவான் சோட்டோவுக்கு 2022இல் அவரது வொஷிங்டன் அணி 15 வருடத்துக்கு 440 மில்லியன் டொலர் தருவதாகச் சொன்னது. ஒப்பந்த உரிமை முடிய இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது. அவர் மறுத்தார். அணி உடனே அவரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டது. ஊரே அவரைப் பைத்தியக்காரன் என்றது. 2024 டிசம்பரில், 26 வயதில், நியூயோர்க் மெட்ஸ் அணியுடன் 15 வருடத்துக்கு 765 மில்லியன் டொலருக்கு ஒப்பமிட்டார்.

மறுபக்கத்தில் கூடைப்பந்து வீரர் டென்னிஸ் ஷ்ரூடர். 2021இல் லேக்கர்ஸ் அணி நான்கு வருடத்துக்கு 80 மில்லியன் டொலருக்கு மேல் தர முன்வந்தது, அவர் ஏற்கவில்லை என்று செய்திகள் கூறின. அந்தப் பருவம் முடிந்து சந்தைக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்தது பொஸ்டன் அணியில் ஒரு வருடத்துக்கு 5.9 மில்லியன் டொலர். சோட்டோ துணிந்ததற்குக் காரணம் அவரது வயதும் திறமையும். நான்கு கடைக்காரர் நம்மை விரும்பினால் மட்டுமே, இருக்கும் கடையில் தலையை நிமிர்த்திக் கேட்கலாம்.

பிரான்ஸின் கிலியன் எம்பாப்பே வேறொரு வழியில் போனார். 2023 ஜூனில், 2024க்குப் பிறகு நீடிக்க மாட்டேன் என்று பாரிஸ் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். 180 மில்லியன் யூரோவுக்கு வாங்கிய வீரர் சும்மா போகப் போகிறார் என்றதும் கழகம் கொதித்தது. ஆசியச் சுற்றுப்பயணத்துக்கு அவரை அழைத்துச் செல்லவில்லை. ஸஊதியின் அல் ஹிலால் 300 மில்லியன் யூரோ தர முன்வந்தது. அவர் போகவில்லை. 2024இல் ஒரு சதமும் மாற்றுத் தொகை இல்லாமல் ரியல் மெட்ரிட் போய்ச் சேர்ந்தார். பாக்கிச் சம்பளம் பற்றிய தகராறு நீதிமன்றம் வரை போய், 2025 டிசம்பரில் பாரிஸ் தொழில் நீதிமன்றம் அவருக்குச் சுமார் 60 மில்லியன் யூரோ கொடுக்குமாறு தீர்ப்பளித்தது. ஏழு வருடம் ஒன்றாக உழைத்தவர்கள் கடைசியில் சந்தித்துக்கொண்டது வழக்கு மன்றத்தில்.

என் கடையில் நடந்தது

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அன்று பதில் சொல்லாமல் வந்ததற்குக் காரணம், பதில் எனக்கு ஏற்கனவே தெரியும் என்பதுதான்.

2010ஆம் ஆண்டு. யுத்தம் முடிந்து வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மொத்த வியாபாரிகள் தாராளமாகக் கொழும்புக்கு வரத் தொடங்கிய காலம். எனது புடவைக் கடையில் ஒரு தம்பி வேலை செய்தார். 17 வயதில் வந்தவர், ஒன்பது வருடம் ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்து வியாபாரிக்கு என்ன நிறம் ஓடும், காத்தான்குடிக்கு எந்தத் துணி போகும், யாருக்கு எத்தனை நாள் கடன் கொடுக்கலாம் என்பதெல்லாம் எனது பேரேட்டைவிட அவரது தலையில்தான் அதிகம் இருந்தது.

ஷஃபான் மாதத்தில் ஒரு நாள், கடை பூட்டும் நேரம் வந்து நின்றார். "முதலாளி, ஒரு விசயம் கதைக்கணும்" என்றார். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள். அப்போது 18,000 ரூபா சம்பளம். அதை 25,000 ஆக்கி, மொத்த விற்பனையில் ஒரு சிறு கமிஷனும் தந்தால் நல்லது என்றார். மிரட்டவில்லை. போகிறேன் என்றும் சொல்லவில்லை. பெண் வீட்டாருக்குச் சொல்ல ஓர் உறுதி வேண்டும் என்பதுதான் அவரது தேவை.

நான் சொன்ன பதில் இன்றும் நினைவிருக்கிறது. "பெருநாள் வியாபாரம் முடியட்டும். பிறகு பார்ப்போம்."

எனக்குள் ஓடிய கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். இப்போது கூட்டிக் கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்கள். பெருநாள் முடிந்தால் வியாபாரம் குறையும், அப்போது அவரும் குறைத்துக் கேட்பார். ஒன்பது வருடம் உப்புத் தின்றவர், எங்கே போகப் போகிறார்?

அந்த நோன்பு முழுவதும் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. ஸஹர் நேரம் வரை நின்று பெட்டி கட்டினார். பெருநாள் விடுமுறை முடிந்து கடை திறந்த அன்று சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதே வீதியில் வேறு ஒரு கடையில் வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவர்கள் கடிதமும் கொடுத்திருந்தார்கள். கேட்டதைவிட நான் கூடுதலாகத் தருவதாகச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நான் ஷஃபான்லயே கேட்டேனே முதலாளி" என்றார்.

அதற்கு மேல் எனக்குப் பேச வார்த்தை இருக்கவில்லை. நான் வழக்கமாகச் சாமான் கொடுத்த நாற்பது வெளியூர் வியாபாரிகளில் பதினைந்து பேர் அளவில் ஒரு வருடத்துக்குள் அந்தக் கடைக்கு மாறினார்கள். மாதம் 7,000 ரூபாவை மிச்சம் பிடிக்கப் போய் நான் இழந்தது எத்தனை லட்சம் என்பதை இன்னும் முழுதாகக் கணக்குப் பார்க்கவில்லை. பார்க்கவும் விருப்பமில்லை.

கதை அதோடு முடியவில்லை. அடுத்த வருடம் இன்னொரு விற்பனையாளர் வந்து, தனக்கும் வேறு இடத்தில் கேட்கிறார்கள் என்றார். முதல் அடியின் பயத்தில் ஆளின் வேலையைச் சீர்தூக்கிப் பார்க்காமல் கேட்டதை அப்படியே கொடுத்தேன். மற்றச் சிப்பந்திகளின் முகம் கறுத்தது. நல்ல இருவர் ஆறு மாதத்தில் போய்விட்டார்கள். இவரோ சம்பளம் கூடியதும் வேலையில் ஆறிவிட்டார். ஆர்சனல் கழகம் 2018இல் செய்த இரண்டு பிழைகளையும் அவர்களுக்கு முன்னரே, சிறிய அளவில், எனது கடையில் நான் செய்து முடித்திருந்தேன்.

மத்யன் நகரத்து ஒப்பந்தம்

இதில் நமக்கு வெளியே தேடத் தேவையில்லாத ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஸூரத்துல் கஸஸில் வரும் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை நாம் எல்லோரும் குத்பாவில் கேட்டிருக்கிறோம். எகிப்திலிருந்து வெறுங்கையுடன் மத்யன் வந்தவரை அந்த ஊர்ப் பெரியவர் வேலைக்கு அமர்த்துகிறார். பலமும் நம்பிக்கையும் உள்ளவரையே வேலைக்கு வைக்க வேண்டும் என்று பெரியவரின் மகள் யோசனை சொல்கிறார். பெரியவர் தமது மகளை மணமுடித்துத் தருவதாகச் சொல்லி, அதற்கு எட்டு வருட வேலை என்று தவணை வைக்கிறார். பத்தாக நிறைவு செய்தால் அது மூஸாவின் விருப்பம், அவரைச் சிரமப்படுத்த விரும்பவில்லை என்றும் சொல்கிறார். இரண்டில் எதை நிறைவேற்றினாலும் தம்மீது குற்றமில்லை என்று மூஸா (அலை) உறுதி பெற்றுக்கொண்டு, அல்லாஹ்வைச் சாட்சியாக்குகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். தவணை தெளிவு, கூலி தெளிவு, நீடிப்பு யாருடைய விருப்பம் என்பதும் தெளிவு. எல்லாம் வேலை தொடங்கும் முன்னரே பேசப்பட்டது. மூஸா (அலை) நீண்ட தவணையையே நிறைவு செய்தார்கள் என்பது இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் கூற்று. நாமோ, வியர்வை உலரும் முன் கூலி பற்றிய ஹதீஸைச் சுவரில் மாட்டிவிட்டு, சம்பளக் கதையைப் பெருநாளுக்குப் பிறகு என்று தள்ளுகிறோம்.

என்ன செய்யலாம்?

முதலாளிமாருக்குச் சில விடயங்கள். முதலாவது, எழுத்து. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும், நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதமும் கட்ட வேண்டும். இதைச் சலுகை போலச் சொல்லிக்காட்டுவது சரியல்ல. அது அவர்களுடைய ஹக்.

இரண்டாவது, காலம். வருடத்தில் ஒரு மாதத்தைச் சம்பளக் கதைக்கு ஒதுக்குங்கள். சீசனுக்கு முன்னர், அவர் வந்து நிற்கும் முன்னர், நீங்களே கூப்பிட்டுக் கதையுங்கள். கேட்டுக் கொடுக்கும் 5,000 ரூபாவுக்கும் கேட்காமல் கொடுக்கும் 5,000 ரூபாவுக்கும் பெறுமதி ஒன்றல்ல.

மூன்றாவது, அளவு. போகிறவரையெல்லாம் பிடித்து வைக்க முடியாது. ஒருவருக்கு என்ன பெறுமதி என்பதை அவர் இல்லாத நாளில் கடை எப்படி ஓடியது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஒருவரின் தலையில் மட்டும் கடையின் இரகசியம் முழுவதும் இருக்கவிடாதீர்கள். வாடிக்கையாளர் விபரம் கடையின் புத்தகத்தில் இருக்க வேண்டும்.

தொழிலாளித் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. முதலாளியின் கழுத்தில் கத்தி வைப்பது போல் பெருநாளுக்கு முதல் வாரம் கேட்காதீர்கள். முன்கூட்டிக் கேளுங்கள், கணக்கோடு கேளுங்கள். இல்லாத அழைப்பை இருப்பதாகச் சொல்லாதீர்கள், அது பொய். பேச்சு நடக்கும் காலத்தில் வேலையில் குறை வைக்காதீர்கள். போக முடிவு செய்தால் வாக்குக் கொடுத்த தவணையை முடித்துவிட்டுச் சலாம் சொல்லிப் போங்கள்.

ஒப்பந்தம் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஸலாஹ்வையே பாருங்கள். புதிய ஒப்பந்தம் போட்டு எட்டு மாதத்தில், 2025 டிசம்பர் 6ஆம் திகதி, தொடர்ந்து மூன்றாவது போட்டியிலும் ஆரம்ப அணியில் இடம் கிடைக்காத நிலையில், கழகம் தன்னைப் பலிக்கடாவாக்கிவிட்டது என்று பகிரங்கமாக வேதனைப்பட்டார். அடுத்த இத்தாலிப் போட்டிக்கு அவரை அழைத்துச் செல்லவே இல்லை. கடதாசி சம்பளத்துக்கு உத்தரவாதம் தரும், மனதுக்குத் தராது. அதற்கு வருடம் முழுவதும் கதைத்துப் பேசி நடந்துகொள்ள வேண்டும்.

அந்தத் தம்பி இன்று சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். வழியில் கண்டால் முதலில் சலாம் சொல்வது அவர்தான். அவரது கடையில் மூன்று பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். மூவருக்கும் ஷஃபான் பிறக்கும் முன்னரே சம்பளம் பேசிக் கடிதம் கொடுத்துவிடுவார் என்று கேள்விப்பட்டேன். இப்போது நானும் அப்படித்தான் செய்கிறேன். அவரிடமிருந்து படித்தது என்று அவருக்கு இன்னும் சொல்லவில்லை. இதை வாசித்தால் அறிந்துகொள்ளட்டும்.

நமது வியாபாரத்திலும் நம்மிடம் உழைப்பவர்களின் ரிஸ்க்கிலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக.